நீலகிரியின் பழைய வீடுகளும் மலையூர்களும்: போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்று ஊர்களிலும் நூறு, இருநூறு வயதுக் கட்டடங்கள் நிறைய நிற்கின்றன. ஆனால் பழைய வீட்டையே அருங்காட்சியகமாக்கித் திறந்து வைத்திருப்பது அரிது. மற்றதெல்லாம் இன்றும் வேலை நடக்கிற இடங்கள்: கல்லூரி, தேவாலயம், நூலகம், ரயில் நிலையம், அரசு விருந்தினர் மாளிகை. எது எப்போது திறந்திருக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியாமல் போகிறவர்கள் பூட்டிய கேட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அப்படி ஆகாமலிருக்கத்தான் இந்தப் பக்கம்.

எந்த ஊரிலிருந்து தொடங்குவது நல்லது?

கோத்தகிரியிலிருந்து. எல்லோரும் நேரே ஊட்டிக்குப் போய்விட்டு, நேரம் மிஞ்சினால் கோத்தகிரி என்று வைத்துக்கொள்கிறார்கள். நேரம் மிஞ்சுவதே இல்லை. வரலாறும் அந்த வரிசையில் நடக்கவில்லை. 1818இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மலையேறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். 1819 ஜனவரியில் சல்லிவன் தாமே ஏறினார். அந்த ஆண்டே கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் வீடு கட்டத் தொடங்கினார். நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அது. ஊட்டியில் அவர் கல் வீடு எழுப்பியது அதற்குப் பிறகுதான், 1822இல்.

சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு வழி வெட்டும் வேலை 1821இல் தொடங்கி 1823இல் முடிந்தது. கைதிகளை வைத்து மெக்பர்சன் என்ற படை அதிகாரி வெட்டிய பாதை அது. குன்னூர் வழியெல்லாம் பின்னால் வந்தது. ஆகவே கிழக்குப் பக்கமாகக் கோத்தகிரி ஏறி, அங்கிருந்து ஊட்டிக்குப் போனால், இந்த மலையூர்கள் எந்த வரிசையில் உருவானதோ அதே வரிசையில் பார்த்ததாகும்.

சல்லிவன் நினைவகத்துக்கு எப்படிப் போவது? உள்ளே என்ன இருக்கிறது?

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் கண்ணேரிமுக்கு. ஆட்டோவில் போகலாம், நடந்தும் போகலாம். 'சல்லிவன் பங்களா' என்று கேட்டால் காட்டுவார்கள். சல்லிவன் கட்டிய அந்த முதல் வீடுதான் இது. பாழடைந்து கிடந்ததைப் பழுதுபார்த்து நினைவகமாக்கியிருக்கிறார்கள். சிவப்புப் பூச்சுச் சுவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

உள்ளே பழைய படங்கள், நிலவரைபடங்கள், மலை மக்களின் புழங்குபொருட்கள். அரை மணியில் சுற்றிவிடலாம், ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதை வரிசையாகப் படித்தால்தான் மறுநாள் ஊட்டியில் பார்ப்பது புரியும். ஏரி ஏன் அந்த இடத்தில், தேவாலயம் ஏன் அந்த மேட்டில் என்பதெல்லாம் இங்கேதான் பிடிபடும்.

காலை பத்தரை, பதினொன்றுக்குப் போவதே சரியான நேரம். மாலை நான்குக்கு மேல் கோத்தகிரியில் மூடுபனி இறங்கிவிட்டால் உள்ளே வெளிச்சம் போதாது, வெளியே கட்டடமே தெரியாது. வார நாளில் போகிறவர்கள் கதவு பூட்டியிருந்தால் உடனே திரும்ப வேண்டாம். பொறுப்பாளர் அருகில் இருக்கக்கூடும், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். உள்ளே நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான், சில்லறையாக வைத்திருங்கள்.

ஊட்டியில் சல்லிவன் கட்டிய கல் பங்களாவை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

அது இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. 1955இல் தொடங்கிய கல்லூரி. ஆகவே அது சுற்றுலாத் தலமல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில், வகுப்பு நடக்கிற நேரத்தில், வாயிற்காவலரிடம் நோக்கத்தைச் சொல்லி அலுவலகத்தில் அனுமதி கேட்பதுதான் முறை. தேர்வு நாள்களில் கேட்கவே வேண்டாம். பத்துப் பேர் வேனோடு வந்து நின்றால் மறுப்பார்கள், மறுப்பதும் நியாயம். இரண்டு மூன்று பேர், கையில் ஒரு கடிதம் அல்லது அடையாள அட்டை என்றால் வெளியிலிருந்தாவது நிதானமாகப் பார்க்க வாய்ப்பு உண்டு.

இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் இதைக் 'கல் பங்களா' என்றார்கள். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வீடு கட்டியவர்கள் கண்ணுக்கு, முழுக்கக் கல்லில் எழும்பிய ஒரு வீடு எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து வாங்கினார் சல்லிவன். இதே மனிதர்தான் பின்னால், இந்த மலை தோடர்களுடையது, அவர்களுக்கு உரிய ஈடு தர வேண்டும் என்று கம்பெனி அரசோடு வாதாடியவரும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிற வழிகாட்டியை நம்பிவிடாதீர்கள்.

'உதகமண்டலம்' என்ற பெயரும் ஒத்தைக்கல் மந்து என்ற தோடர் ஊர்ப்பெயரிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு.

செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தலையை நிமிர்த்தி மரத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் வண்ணக் கண்ணாடிச் சன்னலைப் படம் எடுத்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்களும் மற்ற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. 1799இல் வீழ்ந்த ஓர் அரசின் மரம், ஏறத்தாழ முப்பது ஆண்டில் வென்றவர்களின் வழிபாட்டிடத்துக்குக் கூரையாகிவிட்டது. நடுவில் நின்று ஒரே ஓர் உத்தரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கண்ணால் அளந்து பாருங்கள். வண்டிப் பாதை சரியாக இல்லாத காலத்தில் அந்த நீளத்தை மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள்.

1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல். 1830 நவம்பர் 5 அன்று கல்கத்தா பிஷப் டர்னர் புனிதப்படுத்தினார். 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கட்டியவர் கேப்டன் அண்டர்வுட். அப்போது மதராஸ் கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன்.

கல்லறைத் தோட்டம் கட்டடத்துக்குப் பின்னால் சரிவில் ஏறுகிறது. சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் இங்கேதான் இருக்கிறார்கள். சல்லிவன் இங்கிலாந்து திரும்பி 1855இல் அங்கே இறந்தார். மற்றக் கல்லறைக் கற்களில் வயதை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். உடல் தேற மலைக்கு அனுப்பப்பட்டவர்கள், பிறந்து சில மாதமே இருந்த குழந்தைகள் என்று ஊட்டியின் முதல் அரை நூற்றாண்டு அங்கே எழுதியிருக்கிறது. கற்கள் பாசி பிடித்து வழுக்கும். மழை பெய்த மறுநாள் ரப்பர் அடிச் செருப்புகூடப் போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். எழுத்து தெரியவில்லை என்று பாசியைச் சுரண்டுவது, சாக்பீஸ் தடவுவது இரண்டும் கூடாது. சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து போகும். தண்ணீர் தெளித்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் எழுத்தின் நிழல் எழும்பிவரும், படித்துவிடலாம்.

ஞாயிறு காலை ஆராதனை உண்டு. வழிபட வருகிறவர்கள் தாராளமாக வரலாம், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பிற்பகலில் வரட்டும்.

வேறு எங்கெல்லாம் உள்ளே விடுவார்கள், எங்கே விடமாட்டார்கள்?

ஊட்டி கிளப்: உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினருக்கும் மட்டும். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் முறைப்பட்டது இங்கே என்பதால் பலர் கேட்டுப் பார்க்கிறார்கள். விடமாட்டார்கள், வாசலில் கெஞ்ச வேண்டாம். ராஜ்பவன் என்று அழைக்கப்பட்டுவந்த கவர்னர் மாளிகை அரசு இல்லம், உள்ளே போக முடியாது. ஜோத்பூர் மகாராஜாவின் ஆரன்மோர் மாளிகைதான் இன்றைய 'தமிழகம்' அரசு விருந்தினர் மாளிகை, அதுவும் அப்படியே.

நீலகிரி நூலகம் வேறு விதம். 1859 முதல் இருக்கிற சந்தா நூலகம். கட்டடத்தின் வடிவமைப்பு ராபர்ட் சிசோமுடையது, சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹாலைக் கட்டிய அதே சிசோம். உறுப்பினர்களுக்கான வாசக சாலை என்பதால் வாசலில் செருப்பொலியைக் குறைத்து, அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தற்காலிக உறுப்பினராகச் சேர வழி இருந்தால் சேர்ந்துவிடுவது நல்லது. உயரமான சன்னலிலிருந்து விழும் வெளிச்சத்தில் அரை நாள் உட்கார்ந்து ஒரு பழைய மாவட்டக் கையேட்டைப் புரட்டுவது பத்து இடங்களை ஓடிப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

தாவரவியல் பூங்காவுக்கு யாரும் போகலாம். 1848இல் மெக்ஐவர் அமைத்தது, சுமார் 55 ஏக்கர். சேரிங் கிராஸில் இருக்கும் நீரூற்று, பதவியிலிருக்கும்போதே 1881இல் ஊட்டியில் இறந்த கவர்னர் ஆடமின் நினைவாக 1886இல் வைத்தது. போக்குவரத்து நெரிசலில் அதை யாரும் பார்ப்பதில்லை. காலை ஏழு மணிக்கு முன் போனால் சுற்றிப் பார்க்கலாம்.

பழைய பங்களா ஒன்றின் முன் நிற்கிறோம். எதை வைத்து வயதைக் கணிப்பது?

கீழிருந்து மேலே பாருங்கள். அடித்தளம் உள்ளூர்க் கருங்கல்லா என்று முதலில். நீலகிரி முழுக்கச் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. கொத்திய கல்லின் விளிம்பு சீராக இல்லாமல், இணைப்பில் சுண்ணாம்புக் காரை வெள்ளையாகத் தெரிந்தால் பழசு. சாம்பல் நிற சிமென்ட் கோடு ஓடினால் பிற்காலம், அல்லது பிற்காலத்தில் பூசி மறைத்தது.

அடுத்து கூரை. தொடக்க கால வீடுகளில் புல், பிறகு மங்களூர் ஓடு அல்லது நெளி தகரம். சிவப்பு வண்ணம் அடித்த தகரக் கூரை, முகட்டின் முன்பக்கம் மரத்தில் சரிகை போல் அறுத்த பலகை, இரண்டு மூன்று புகைக்கூண்டு: இவை சேர்ந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதி என்று எண்ணிப் பார்க்கலாம். புகைக்கூண்டை எண்ணுங்கள், உள்ளே எத்தனை அறையில் கணப்பு இருந்தது என்று தெரியும். வீட்டுக்காரரின் செல்வம் கணப்பின் எண்ணிக்கையில் இருந்தது.

பிறகு சுவரின் நோயைப் பாருங்கள், அதுவும் வரலாறுதான். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை பூச்சு பொருமி, வெள்ளை உப்பு பூத்து, பெயின்ட் செதிலாக உரிந்திருந்தால், சுண்ணாம்புச் சுவர்மேல் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற முடியாமல் சுவருக்குள்ளேயே மேலே மேலே ஏறி, காய்கிற இடத்தில் உப்பாகப் படியும். நீலகிரி ஈரத்தில் இது ஒருமுறை தொடங்கினால் நிற்பதில்லை. மரச் சட்டம் சுவரோடு சேரும் மூலை அதன் அடுத்த பலி. பழைய வீட்டை வாங்கிப் பழுதுபார்க்கிற யாராவது உங்களோடு வந்திருந்தால், அந்த மூலையை அவருக்குக் காட்டுங்கள். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாததால் மட்டும் எத்தனையோ நல்ல வீடுகள் கெட்டுவிட்டன.

மலை ரயிலை இந்தப் பயணத்தில் எப்படிச் சேர்ப்பது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுங்கள், இறங்குவதற்கு பஸ் பிடியுங்கள். அப்படி வந்தால் கோத்தகிரியைத் திரும்பும் நாளுக்குத் தள்ளிவையுங்கள். ஏறும்போதுதான் இந்த ரயில் எதற்காகப் பேர்பெற்றதோ அது நடக்கிறது.

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899இல் திறந்தது, ஊட்டிவரை 1908இல் நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 326 மீட்டரில் புறப்பட்டு 2,203 மீட்டரில் போய் நிற்கிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசைத் தண்டு தொடங்கும். இரண்டு தண்டுகள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு தள்ளிப் பதித்தவை. எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவதொரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்க அதுதான் ஏற்பாடு. செங்குத்து அதிகமான இடத்தில் 12 அடி போனால் 1 அடி ஏற்றம். அங்கே எஞ்சின் இழுப்பதில்லை, பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. குன்னூரில் பல்தண்டு முடிந்துவிடும், அங்கிருந்து டீசல் எஞ்சின். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நடைமுறைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியை ஒட்டி ஒரு வண்டி, ஊட்டி சேர நண்பகல் ஆகும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். கோடையில் திறந்த அன்றே தீர்ந்துவிடும், ஆகவே தேதியைக் குறித்துவைத்து அன்று காலையே பதிவுசெய்யுங்கள். கிடைக்காவிட்டால் குன்னூர்–ஊட்டி இடையே பகலில் பல நடைகள் உண்டு, அதில் ஏறுங்கள். அதில் பல்சக்கரம் இல்லை, ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அந்தக் காலச் சிறு நிலையங்கள் எல்லாம் வரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிக்கெட் கையில் இருந்தாலும் மாற்று வழி ஒன்றை யோசித்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து, பாறை உருண்டு, மரம் விழுந்து வண்டி ரத்தாவது வழக்கம். சில சமயம் நாள்கணக்கில். முதல் நாள் இரவே செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயமா?

2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, இரு சக்கர வண்டிக்கும் சேர்த்து. 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது: வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது, கிளம்புகிற வாரத்தில் அரசின் இ-பாஸ் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடிக்கு வந்து கைபேசியில் பதிவுசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். பின்னால் நிற்கும் வண்டிகளெல்லாம் உங்களால் காத்திருக்கும், அன்றைய எண்ணிக்கையும் நிறைந்திருக்கலாம்.

கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக மேலே, கோத்தகிரி வழியாகக் கீழே என்று ஒருவழிப் பாதை விடுவார்கள். அப்போது கோத்தகிரியில் தொடங்கும் நம் வரிசை தலைகீழாகும், கண்ணேரிமுக்கைத் திரும்பும் நாளில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடி, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் சிறு தண்ணீர் பாட்டிலும் இந்த மாவட்டத்தில் தடை. சாவடியிலேயே பறிமுதல் செய்வார்கள், அபராதமும் உண்டு.

எந்த மாதம் போகலாம்?

வீடுகளைப் பார்ப்பதற்கென்றே வருவதாக இருந்தால் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை வானம் தெளிவு, கூட்டம் குறைவு, சுவரின் மேல் சாய்ந்த வெயில் விழும். டிசம்பர், ஜனவரியில் விடிகாலையில் உறைபனி, புல்வெளி வெள்ளையாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில் மழை கொட்டும், கோத்தகிரிப் பக்கம் அவ்வளவு இருக்காது. அக்டோபருக்குப் பின் இது மாறி, கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் நனையும்.

மார்கழி கடைசியில், ஜனவரி தொடக்கத்தில் நீலகிரியின் படகர் சமூகத்தினரின் ஹெத்தையம்மன் திருவிழா வரும். கோத்தகிரிக்கு அருகே பேரகணியில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளை உடையில் கூடுவார்கள். அந்நாளில் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு, அலுவலகங்களும் கல்லூரியும் மூடியிருக்கும்.

தோடர் மந்துக்குப் போய் அவர்கள் வீட்டைப் பார்க்கலாமா?

மந்து என்பது மக்கள் குடியிருக்கும் தெரு. காட்சிக்கு வைத்த ஊர் என்று எண்ணிப் போகக் கூடாது. தாவரவியல் பூங்காவின் மேல்முனையில் ஒரு மந்து இருப்பதால் பார்வையாளர்கள் கூட்டமாக ஏறிவிடுகிறார்கள். போகலாம், ஆனால் யாரையாவது கண்டு கேட்டுவிட்டுப் போங்கள்.

பழைய தோடர் வீடு பீப்பாயை நீளவாட்டில் பாதியாக வெட்டிக் கவிழ்த்த வடிவம். சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். வளைத்த மூங்கில்மேல் பிரம்பு கட்டி, அதன்மேல் புல் வேய்வார்கள். முன்சுவரில் வாசல் 3 அடிக்கு 3 அடி. குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் நுழைய முடியும். குளிரும் விலங்கும் உள்ளே வராமலிருக்க அந்த அளவு. இன்று தோடர்களில் பெரும்பாலோர் சாதாரண ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆகவே பீப்பாய் வடிவக் கட்டடம் ஒன்று தனியே, சுற்றுக்கல்லோடு நின்றால் அது கோயிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு எருமையும் பாலும் புனிதம், கோயில்களில் பலவும் பால்மனைகள். பூசாரியைத் தவிர யாரும் உள்ளே போவதில்லை, பெண்கள் அருகேயும் போவதில்லை. சுற்றுக்கல்லுக்கு வெளியே நில்லுங்கள். சாய்ந்து நின்று படம் எடுப்பது, எட்டிப் பார்ப்பது, உள்ளே கைபேசியை நீட்டுவது எல்லாமே அவர்கள் மனதைப் புண்படுத்தும்.

விவரமாகத் தெரிந்துகொள்ள முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். வார நாளில், அலுவலக நேரத்தில் போங்கள். மந்துக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிட்டால் கேட்கிற கேள்வியே மாறிவிடும்.

எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு இரவு, மூன்று பகல். முதல் நாள் கோத்தகிரி, கண்ணேரிமுக்கு, மாலையில் ஊட்டி. இரண்டாம் நாள் முழுக்க ஊட்டிக்குள் நடை: சேரிங் கிராஸ், செயின்ட் ஸ்டீபன், நூலகம், கல் பங்களா. எல்லாம் நடந்து சேரும் தூரம்தான், வண்டி எடுத்தால் நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். மூன்றாம் நாள் காலை பாலாடா, பிறகு ரயிலில் குன்னூர். 1874இல் அமைத்த சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் இறங்கலாம்.

டாக்ஸி பேசும்போது 'ஊட்டி லோக்கல்' என்று மட்டும் சொன்னால் தொட்டபெட்டா, படகு இல்லம், தேயிலைத் தொழிற்சாலை என்று வழக்கமான சுற்றில் கொண்டுபோய் விடுவார்கள். இடங்களின் பெயரை எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் என்றும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வயதானவர்கள், குழந்தைகளோடு வரலாமா?

வரலாம். கல்லறைத் தோட்டத்துச் சரிவும் கல்லூரி மேடும் மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சிரமம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் என்பதால் முதல் நாள் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பெட்டிக்குள் வைக்காமல் கையோடு வைத்திருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகளுக்குக் குமட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாமல் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஞாபகார்த்தமாக என்ன வாங்கலாம்?

தோடர் பூவேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் வடிவத்தை வரைந்துகொள்ளாமல், சட்டமும் மாட்டாமல், இழைகளை எண்ணி எண்ணித் தைப்பார்கள். ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும், ஆகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது மெஷின் வேலை. உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அடி நூல் ஒரே சீராகச் சங்கிலிபோல் ஓடினால் வைத்துவிடுங்கள். தோடர் பெண்களிடமோ அவர்களிடமிருந்து நேரே வாங்கும் கடையிலோ வாங்கினால் பணம் சேர வேண்டிய கைக்குச் சேரும்.

மலைக்கே வர முடியாதவர்கள் இதில் எதையாவது பார்க்க முடியுமா?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ப்ரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் மலை உச்சிகளில் இருந்த பழைய கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த பொருட்களில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது. உயரமான, அடுக்கடுக்காக வளையம் வைத்த மண் ஜாடிகள். மூடிகளின் மேல் உருவங்கள், பலவற்றில் எருமை. நீண்டு பின்னால் வளைந்த கொம்பைப் பார்த்தால், ஊட்டிப் புல்வெளியில் இன்றும் மேய்கிற அதே எருமை என்று தெரியும். கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சம் குறைவு, மூடியின் உச்சியைப் பார்க்கக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.